காலி செய்த வீடும் நான் தேர்ந்தெடுத்த கதை விளையாட்டுகளும்

விருதுநகரில் அம்மா கடைசி வரை குடியிருந்த வீட்டைச் சென்ற ஆண்டு வைகாசியில் காலி செய்தோம். பெங்களூரிலிருந்து தம்பி நான்கு நாள் விடுப்பில் வந்திருந்தான். பாத்திரங்களை உறவினர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, புடவைகளை மடித்து அடுக்கி, பரணில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக இறக்கியபோது, பழைய பிஸ்கட் தகர டப்பா ஒன்றுக்குள் எங்களுடைய டிவி கேமும் மூன்று மஞ்சள் கேசட்டுகளும் கிடைத்தன. ஒரு கேசட்டின் முதுகில், ‘பரீட்சை முடிந்த பிறகு’ என்று அம்மா எழுதி ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. வயர்கள் விறைத்து உடைந்துவிட்டதால் அதை இயக்கிப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அன்றிரவே ஏதாவது ஒரு விளையாட்டை விளையாட வேண்டும் என்ற ஆசை எங்கள் இருவருக்கும் வந்துவிட்டது.

தம்பியின் மடிக்கணினியில், சிறுவயதில் நாங்கள் விளையாடிய கான்ட்ரா என்ற சுடும் விளையாட்டை வைத்துக் கொனாமி நிறுவனம் 2019-ல் வெளியிட்ட தொகுப்பு இருந்தது. மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று பொத்தான்களை அழுத்தும் ரகசிய வரிசையை என் விரல்கள் மறக்கவில்லை. அதற்குக் கிடைக்கும் முப்பது உயிர்களும் கிடைத்தன. முதல் கட்டத்தின் முடிவில் வரும் சுவர்க்கோட்டையை உடைத்ததும் இருவரும் கைதட்டினோம். ஆனால் அதற்குப் பிறகு தொடர மனமில்லை. நான் தேடிய மகிழ்ச்சி திரையில் ஓடிய அந்த இரண்டு வீரர்களிடம் இல்லை. வெயில் காலப் பிற்பகலில், மின்விசிறிக்கு அடியில், சிமென்ட் தரையில் தம்பியோடு தோள் உரச உட்கார்ந்திருந்த நேரத்தில் இருந்தது. பழைய விளையாட்டை வாங்கினால் பழைய நாள் திரும்பும் என்று நம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: பதினைந்து நிமிட மகிழ்ச்சிக்கு அது போதும், ஒரு வாரத்தை அதை நம்பி ஒதுக்க வேண்டாம். கடந்த காலத்தைப் பற்றி ஆற அமரப் பேசும் ஒரு கதை வேண்டுமென்றால், அதற்கென்றே உருவான விளையாட்டுகளிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தம்பி ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு ஆறு கதை விளையாட்டுகளின் பெயர்களை எழுதிக் கொடுத்தான். வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச், கான் ஹோம், அன்பேக்கிங், டு தி மூன், வெண்பா, ஃபயர்வாட்ச் என்ற ஆறுமே சில மணி நேரங்களில் முடியக்கூடியவை. ஆறுமே ஏதோ ஒரு விதத்தில் போன காலத்தைத் திரும்பிப் பார்ப்பவை. எனக்கு ஒன்பது நாள் விடுப்பு மீதமிருந்தது. வீட்டு வேலைகள் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் உட்கார முடியும். என்னிடம் இருந்தது தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண மடிக்கணினி. இந்த மூன்று வரம்புகளையும் நான் சரியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். நான்காவதாக ஒன்று இருந்தது. அதை மட்டும் யோசிக்கவில்லை.

அதிகம் புகழப்பட்டதையே முதலில் எடுத்தேன். ஈடித் ஃபின்ச் 2017-ல் வெளியாகி, மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அகாடமி வழங்கும் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில், அறைமேல் அறை கட்டி உயர்ந்து நிற்கும் ஒரு குடும்ப வீட்டுக்குள் கடைசி வாரிசான பெண் திரும்பி வருகிறாள். இறந்தவர்களின் அறைகளை அவளுடைய தாய் அடைத்து வைத்திருக்கிறாள். அடைத்த கதவுகளில் கொள்ளுப்பாட்டி துளை போட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு அறையும் ஒருவருடைய மரணக் கதை. ஒவ்வொரு கதையையும் கைகள் வேறு வேறு விதமாக நடத்த வேண்டியிருக்கிறது. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் இளைஞனின் பகுதியை நான் என்றும் மறக்க மாட்டேன். ஒரு கையால் மீனை எடுத்து வெட்டுக்கத்திக்குத் தள்ளிக்கொண்டே, மறு கையால் அவனுடைய கற்பனை உலகத்தில் அவனை நடத்திச் செல்ல வேண்டும். சற்று நேரத்தில் மீன் வெட்டும் கை தன்போக்கில் இயங்கத் தொடங்கி, மனம் முழுவதும் கற்பனைக்குள் போய்விடுகிறது. அலுப்பான வேலையில் நாள் முழுவதும் நிற்கும் ஒருவனுடைய மனநிலையை, ஒரு சொல் இல்லாமல் நம் விரல்களுக்கே புரியவைத்துவிட்டார்கள்.

ஆனால் குளியல் தொட்டியில் இருக்கும் கைக்குழந்தையின் பகுதி வந்தபோது என்னால் தொடர முடியவில்லை. கணினியை மூடிவிட்டு வெகுநேரம் மொட்டைமாடியில் நின்றிருந்தேன். அம்மா இறந்து ஏழு மாதங்களே ஆகியிருந்தன. வீட்டில் இன்னும் பிரிக்காத பெட்டிகள் இருந்தன. அப்படிப்பட்ட நேரத்தில், ஒரு வீட்டின் மரணங்களை அறை அறையாகச் சொல்லும் கதையைக் கையில் எடுத்தது விளையாட்டின் குறையே இல்லை. நாம் எந்த இழப்புக்கு அருகில் நிற்கிறோம், கதை எந்த இழப்பிலிருந்து தொடங்குகிறது என்ற கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் யாராவது ஒரு கதை விளையாட்டைப் பரிந்துரைத்தால், முடிவைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, யார் இறக்கிறார்கள், எந்த நோய் வருகிறது, குழந்தைக்கு ஏதாவது நேர்கிறதா என்பதை மட்டும் விசாரித்துக்கொள்கிறேன். கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு அந்த முன்னறிவிப்பு கதையின் சுவையை விட அவசியமானது. ஈடித் ஃபின்ச்சை நான்கு மாதம் கழித்து முழுவதுமாக முடித்தேன். அப்போது அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டு நாள் இடைவெளி விட்டுக் கான் ஹோமைத் திறந்தேன். 2013-ல் வெளிவந்த இந்த விளையாட்டின் கதை, 1995 ஜூன் மாதத்தில் ஒரே இரவில் நடக்கிறது. ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு நள்ளிரவுக்கு மேல் வீடு திரும்பும் மூத்த மகள், தான் இல்லாத நேரத்தில் குடும்பம் குடிபுகுந்த புதிய பெரிய வீட்டின் வாசலில் நிற்கிறாள். வீட்டில் யாரும் இல்லை. தான் எங்கே போனேன் என்று துருவித் தேட வேண்டாம் எனத் தங்கை எழுதிய குறிப்பு கதவில் ஒட்டியிருக்கிறது. வெளியே இடி, மழை. சாவி, வாசல் அலமாரியில் இருக்கும் ஒரு கிறிஸ்துமஸ் வாத்து பொம்மைக்கு அடியில் கிடைக்கிறது. அதன் பிறகு நாம் செய்வதெல்லாம் இழுப்பறைகளைத் திறப்பதும், கடிதங்களைப் படிப்பதும், பாதி மட்டும் பிரித்த அட்டைப்பெட்டிகளைப் பார்ப்பதும்தான். மின்னஞ்சலும் கைப்பேசியும் எல்லா வீடுகளுக்கும் வந்துசேராத காலம் என்பதால், அந்தக் குடும்பத்தின் ரகசியங்கள் எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. கேசட்டுகளைக் கையில் எடுத்து, பக்கத்திலிருக்கும் டேப் ரெக்கார்டரில் போட்டால் பாட்டு ஓடுகிறது. பாடுவது அமெரிக்கப் பெண்கள் இசைக்குழுக்கள்; அந்தப் பாட்டுகளை நான் முன்பின் கேட்டதில்லை. ஆனாலும் கேசட்டை உள்ளே தள்ளி மூடும் அந்தச் சத்தம் என்னை நேராக எங்கள் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டது.

இந்த விளையாட்டில் ஒரு சிறிய வசதி உண்டு. ஒரு பொருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, அது முன்பு இருந்த இடத்திலேயே சரியாக வைத்துவிட ஒரு தெரிவு வரும். வீசியும் எறியலாம், கண்ட இடத்திலும் போடலாம். நான் ஒவ்வொரு கோப்பையையும், ஒவ்வொரு பேனாவையும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். அதில் எனக்குக் கிடைத்த நிம்மதியை யாருக்கும் விளக்க முடியாது. அம்மாவின் அலமாரியில் நான் எடுத்த எதையும் எடுத்த இடத்தில் திரும்ப வைக்க முடியவில்லை. அலமாரியே லாரியில் ஏறிப் போய்விட்டது. ஆரிகன் மாநிலத்தில், கற்பனையான ஒரு வீட்டில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பொருள்களைப் பத்திரமாகத் திருப்பி வைத்தபோதுதான், நான்கு நாட்களில் அவசர அவசரமாகச் செய்த காரியத்தை நிதானமாக ஒருமுறை செய்து முடித்ததுபோல் இருந்தது.

இருட்டு வீடு, இடிச்சத்தம் என்பதால் இதைப் பேய்க்கதை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். பேய் எதுவும் திடீரென்று முன்னால் வந்து நிற்காது. அப்படியும் தனியாக விளையாடப் பயமாக இருந்தால், தொடங்கும்போதே விளக்குகள் எல்லாம் எரியும்படி அமைத்துக்கொள்ளும் வசதி உள்ளது. நான் அப்படித்தான் விளையாடினேன். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் கதாபாத்திரத்தின் கண் வழியாகவே பார்த்து நடக்கும் விளையாட்டுகளில் எனக்குத் தலை சுற்றும். சுட்டியின் வேகத்தைக் குறைத்து, அறை விளக்கைப் போட்டு, திரையிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் சமாளிக்க முடிகிறது. நாற்பதைத் தாண்டிய பின் முதன்முதலாக இவ்வகை விளையாட்டுக்கு வருகிறவர்கள், முதல் நாளிலேயே இரண்டு மணி நேரம் உட்கார வேண்டாம்.

அடுத்து வந்ததுதான் அன்பேக்கிங். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தைச் சேர்ந்த விட்ச் பீம் நிறுவனம் 2021 நவம்பரில் இதை வெளியிட்டது. வசனம் கிடையாது. கதாநாயகி திரையில் நேராக வருவதுகூட இல்லை. 1997 முதல் 2018 வரை அவள் எட்டு முறை வீடு மாறுகிறாள். ஒவ்வொரு முறையும் பெட்டிகளைப் பிரித்துப் பொருள்களை எடுத்து வைப்பதுதான் நம் வேலை. மேலிருந்து பார்ப்பதுபோன்ற கோணமும், பழைய விளையாட்டுகளில் கண்ட புள்ளிப் படங்களும் என்பதால் தலைச்சுற்றலும் இல்லை, கணினிக்குச் சுமையும் இல்லை. ஒரு கோப்பையை மரத்தின்மேல் வைத்தால் ஒரு சத்தம், ஓட்டின்மேல் வைத்தால் வேறு சத்தம், விரிப்பின்மேல் வைத்தால் இன்னொன்று. காதுக்குள் கேட்பொறியை மாட்டிக்கொண்டு விளையாட வேண்டும் என்பேன்.

2010-ஆம் ஆண்டுப் பகுதியில் அவள் ஓர் ஆணின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறாள். அந்த வீட்டில் எல்லா இடத்தையும் அவனுடைய பொருள்கள் ஏற்கெனவே நிரப்பியிருக்கின்றன. அவற்றை நகர்த்தி, ஒதுக்கி, இடுக்குகளில் இவளுடைய பொருள்களை நுழைக்க வேண்டும். கடைசியில் சட்டமிட்ட அவளுடைய பட்டச் சான்றிதழ் மிஞ்சுகிறது. சுவரில் மாட்ட இடமில்லை. சமையலறையில் வைத்தால் தவறான இடம் என்று சிவப்புக் கோடு ஒளிர்கிறது. குளியலறையில், அலமாரியில், எங்கு வைத்தாலும் சிவப்பு. இறுதியாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் விளையாட்டு ஏற்றுக்கொள்கிறது. அடுத்த பகுதியில் அவள் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். இந்த உறவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எத்தனையோ கல்யாணமான பெண்களின் சான்றிதழ்கள் நம் வீடுகளில் எந்த டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடக்கின்றன என்பதை அறிந்த எவரும் அந்தச் சிவப்புக் கோட்டின் முன் சற்று நேரம் உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நாங்கள் கண்டெடுத்தது, புடவைகளுக்குக் கீழே விரித்திருந்த செய்தித்தாளுக்கும் கீழேதான்.

அன்பேக்கிங் முடிந்த இரவுதான் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கதை எந்த ஆண்டில் நடக்கிறது, படம் பழைய பாணியில் இருக்கிறதா என்பவற்றை விட, அது என் கைக்கு என்ன வேலை கொடுக்கிறது என்பதே முக்கியம். 1990-களின் அமெரிக்கா எனக்குத் தெரியாது. ஆனால் கேசட் போடுவதும், பெட்டி பிரிப்பதும், ஒரு பொருளுக்கு இடம் தேடுவதும் என் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிந்த வேலை இருந்தால் எந்த ஊர்க் கதையும் நம்முடையதாகிவிடுகிறது. ஆகவே ஒரு விளையாட்டை வாங்குவதற்கு முன், முன்னோட்டத்தைத் தவிர்த்துவிட்டு, யாராவது விளையாடிக் காட்டும் காணொளியில் முதல் பத்து நிமிடங்களை மட்டும் பாருங்கள். முன்னோட்டத்தில் இசையும் அழுகையும் இருக்கும்; விளையாடுகிறவரின் கை என்ன செய்கிறது என்பது அந்தப் பத்து நிமிடங்களில்தான் தெரியும்.

டு தி மூன் இந்த அளவுகோலுக்கு முழுவதும் பொருந்தாது. 2011-ல் ஃப்ரீபேர்ட் கேம்ஸ் வெளியிட்ட அந்த விளையாட்டில் கைக்கு வேலை குறைவு, படிப்பதுதான் அதிகம். மரணப் படுக்கையில் இருக்கும் ஒரு முதியவர் நிலவுக்குப் போக விரும்புகிறார். ஏன் என்று அவருக்கே தெரியாது. இரண்டு மருத்துவர்கள் அவருடைய நினைவுகளில் முதுமையிலிருந்து குழந்தைப் பருவத்தை நோக்கிப் பின்னோக்கி நடக்கிறார்கள். காரணம் தெரிவதற்கு முன்பே விளைவுகளைப் பார்த்துவிடுவதால், காகிதத்தில் மடித்த முயல்கள் போன்ற சாதாரணப் பொருள்கள்கூட முதலில் புதிராகவும் பிறகு தாங்க முடியாத பாரமாகவும் மாறுகின்றன. பியானோ இசை மனதை விட்டு அகலவில்லை. ஆங்கிலம் படிக்கத் தயங்குகிறவர்களுக்கு இது களைப்பைத் தரும். அவர்கள் அன்பேக்கிங்கிலிருந்து தொடங்கலாம். பழைய கணினியிலும் தடையின்றி ஓடும் என்பது டு தி மூனின் பெரிய நன்மை.

பணம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்கும் பட்சத்தில், வாங்கிய பதினான்கு நாட்களுக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் கணினியில் விளையாட்டு சரியாக ஓடுகிறதா, தலை சுற்றுகிறதா என்பதைச் சோதிக்க அந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் இவற்றில் சில இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முழுவதும் விளையாடி முடித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்பது, நான்கைந்து பேர் பல ஆண்டுகள் உழைத்த உழைப்பை எடுத்துக்கொண்டு கூலி கொடுக்காமல் போவதற்குச் சமம். விலை அதிகமென்று தோன்றினால் தள்ளுபடிக் காலம் வரை விருப்பப் பட்டியலில் போட்டு வைக்கலாம். இவை எதுவும் ஊசிப் போகிற பண்டங்கள் கிடையாது.

வெண்பாவை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட இந்த விளையாட்டு, 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் என மூவர். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்ற இடத்தில், ஒரு தட்டின் துளைகள் அடுத்த தட்டின் குழிகளோடு மாறி அமைய வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சமையலறையில் நின்ற எந்தக் கைக்கும் உடனே தெரிந்துவிடும். பின்னணியில் வானொலிப் பாட்டு ஓடுகிறது. அத்தியாயம் நகர நகர, அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலில் பாட்டும் மாறுகிறது. மகன் வளர வளர அவனுக்கும் தாய்க்கும் நடுவே மொழி இடறுவது, அடுக்களைக்கு வெளியே நடக்கும் கதை.

இதைத் தனியாக விளையாட மனம் வராமல் தம்பியை வீடியோ அழைப்பில் கூப்பிட்டேன். என் திரையை அவனுக்குக் காட்டியபடி விளையாடினேன். அவன் சமையல்காரனைப் போல் உத்தரவிட்டுக்கொண்டிருந்தான். “அக்கா, தண்ணி ஊத்தாம அடுப்ப பத்த வைக்காத” என்று அவன் கத்தியது பக்கத்து அறைக்கே கேட்டது. ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவன், “அம்மாவோட நோட்டு உங்கிட்டதான இருக்கு? அடைக்கு என்ன எழுதியிருக்குன்னு படி” என்றான். எடுத்து வந்து படித்தேன். பச்சரிசி ஒரு உழக்கு, புழுங்கலரிசி ஒரு உழக்கு, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு என்று வரிசையாக இருந்தது. வற்றல் எத்தனை என்ற இடத்தில் எண்ணெய்க் கறை படிந்து எழுத்து கரைந்திருந்தது. நான் ஆறு என்றேன். அவன் எட்டு என்று சாதித்தான். நான் திருமணமாகிப் போன பிறகு அம்மாவுக்கு அரைத்துக் கொடுத்தது அவன்தான் என்பதால், நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எட்டு என்று எழுதிக்கொண்டேன்.

பட்டியலில் ஃபயர்வாட்ச் மட்டும் மிச்சமிருக்கிறது. 2016-ல் வந்த விளையாட்டு. யெல்லோஸ்டோன் பெருந்தீக்கு மறு ஆண்டான 1989-ன் கோடையில், வயோமிங் மாநிலக் காட்டில் தீ கண்காணிக்கும் கோபுரத்துக்கு வேலைக்கு வரும் ஒருவனின் கதை. காட்டின் மாலை வெளிச்சம் மிக அழகாக இருக்கும் என்று தம்பி சொல்கிறான். ஆனால் கதாநாயகன் அந்தக் காட்டுக்கு வரக் காரணம், இளவயதிலேயே அவனுடைய மனைவிக்கு வரும் மறதி நோய். கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அம்மா கடைசி இரண்டு ஆண்டுகள் என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு பேசினாள். தள்ளுபடியில் விலை குறைந்தபோது வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் நிறுவவில்லை. ஐப்பசி மழையில் தம்பி ஊருக்கு வரும்போது, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, முதல் பத்து நிமிடங்களை மட்டும் பார்ப்பதாக இருக்கிறோம்.